மூச்சு எட்டும் தூரம்

பெரியவளே, சின்னவனே,

வருகிற ஞாயிற்றுக்கிழமை லாடபுரம் வழியாக மயிலூத்து அருவிக்கு நடந்து போகிறோம் என்று சொன்னதிலிருந்து வீடு வீடாக இல்லை. சின்னவன் தண்ணீர் பாட்டிலை இப்போதே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறான். பெரியவள் மட்டும் பெற்ற தகப்பன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "அத்தா, நாம அருவிக்குப் போறோமா, ஆஸ்பத்திரிக்குப் போறோமா?" என்று நேற்று கேட்டாள். கால் வலி உண்டா, ஷூ கடிக்கிறதா, ராத்திரி இருமினீர்களா என்று நான் ஓயாமல் நச்சரிக்கிறேன் அல்லவா, அதற்கு.

நச்சரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் காரை கிராமத்துக்குப் போனோம். அந்தச் செம்மண் பள்ளங்களில் ஒருகாலத்தில் கடல் இருந்தது என்று சொன்னதும் சின்னவன் கல்லாகிப்போன கிளிஞ்சலைத் தேடித் தேடிப் பொறுக்கினான். பெரியவள் என் பின்னாலேயே நடந்து வந்தாள். "என்னம்மா, மெதுவா வர்றே?" என்று கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்லத்தா" என்றாள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொப்புளம் உடைந்து ரத்தம். ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க ஆசையா கூட்டிக்கிட்டுப் போனீங்க. சொன்னா திரும்பிடுவீங்கன்னுதான்" என்றாள்.

அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பேன், கை நின்றுவிடும். உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. உங்களிடம் வாயால் சொன்னால் பாதியில் ஒருவர் டிவி பக்கம் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

எனக்கு அப்போது ஏழு வயது. லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான் இருப்போம். வேலை செய்கிற வயதில் உள்ள ஆண்கள் சபரில் இருப்பார்கள். சபர் என்றால் பயணம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வளைகுடாவுக்குப் பிழைக்கப் போவது என்று ஒரே அர்த்தம். என் அத்தா அங்கே ஒரு கம்பெனி பஸ் ஓட்டினார். விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் வேலை நடக்கும் இடத்தில் விட வேண்டும். இருட்டியபின் திரும்ப ஏற்றிவர வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு.

போனில் பேசுவதெல்லாம் பெருநாளைக்கு மட்டும். மற்ற நாளில் கேசட்டில் பேசிப் பதிந்து, சபருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அதற்கு ஒரு முறை இருந்தது, தெரு முழுக்க ஒரே முறை. சபரில் இருப்பவருக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது. ஆடு செத்தால் சொல்லக்கூடாது. கிணறு வற்றினால் சொல்லக்கூடாது. பிள்ளை காய்ச்சலில் கிடந்தால், எழுந்து நடமாட ஆரம்பித்தபிறகு, "பிள்ளைக நல்லா இருக்காங்க" என்று பேசி அனுப்பவேண்டும்.

எனக்கு இழுப்பு இருந்தது. பனிக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். ராத்திரி தலையணையை அடுக்கி அம்மா என்னைச் சாய்த்து உட்காரவைத்திருப்பாள். கேசட் பேசுகிற நாளில் மின்விசிறியை நிறுத்துவாள், ஜன்னலைச் சாத்துவாள், எனக்கு வெந்நீர் கொடுத்துக் குடிக்கவைப்பாள். அப்புறம்தான் பொத்தானை அமுக்குவாள். ஒருதடவை பாதியில் நான் இருமிவிட்டேன். டக்கென்று நிறுத்தி, பின்னால் ஓட்டி, முதலிலிருந்து பேசச் சொன்னாள்.

"இழுப்புன்னு வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"ஏன்மா?"

"அத்தா ஓட்டுற பஸ்ல எவ்வளவு பேரு ஒக்காந்திருக்காங்க? ஓட்டுறவங்க மனசு கலங்குனா வண்டி என்னாவும்? நீயே சொல்லு."

நான் யோசித்துப் பார்த்தேன். மணலில் ஒரு பஸ் கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து கிடந்தது, சக்கரங்கள் சும்மா சுற்றின. அன்றிலிருந்து என் இருமலுக்கும் அந்தப் பஸ்ஸுக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. இருமல் வரும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அந்த ஆட்களை நினைத்துக்கொள்வேன். அடுத்த கேசட்டில் நானாகவே ஒரு படி மேலே போனேன். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தேன் என்று சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொத்தானை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த வருஷம் மழை முடிந்து, கார்த்திகைக் குளிர் தொடங்கிய சமயத்தில் அத்தா லீவில் வந்தார். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, சோப்பு வாசனை, எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி பெரியது, காதில் நிற்காமல் மூக்கில் சறுக்கும். அது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது.

அத்தாவால் வீட்டில் உட்கார முடியவில்லை. விடியுமுன் எழுந்து, பேண்ட் போட்டு, வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். ஓட்ட வண்டி இல்லை, ஏற்ற ஆளில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டுவார். மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அங்க வெள்ளிக்கிழமையானா அந்த ஊரு ஆளுங்க பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நடக்கப் போவாங்க. கடலோரம், பார்க்கு, எங்க வேணாலும். ஒருத்தன் பிள்ளயத் தோள்ல வச்சிருப்பான். நான் பஸ்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே போவேன். இந்த லீவுல நாமளும் நடக்கிறோம். சும்மா இல்ல, பிளான் போட்டு."

பிளான் என்றால் நிஜமாகவே பிளான்தான். முதலில் வெள்ளாறு, அப்புறம் ரஞ்சன்குடிக் கோட்டை, கடைசியில் பச்சைமலையில் இதே மயிலூத்து அருவி. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த மரத்தடியில் நிற்பது, எங்கே தண்ணீர் குடிப்பது எல்லாம் அவரே முடிவு செய்தார். ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கிப் பழகிய மனுஷன். ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. தப்பு சொல்லவில்லை. எங்களை அவர் கேசட்டில்தானே வளர்த்தார்.

வெள்ளாற்று நடை நன்றாகத்தான் இருந்தது. மணல் குளிர்ந்து, ஓரமாகக் கணுக்கால் தண்ணீர் ஓடியது. ஆனால் மணலில் நடந்தால் மூச்சு சீக்கிரம் முட்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நெஞ்சு இறுகும்போது குந்திக்கொள்வேன், எதையாவது பார்ப்பேன். நண்டு வளை, கிளிஞ்சல், எறும்பு. மூச்சு அடங்கியதும் எழுந்து ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வேன்.

"பாரேன், எல்லாத்தையும் நின்னு ஆராயுறான்," என்று அத்தா என் அக்காவிடம், அதாவது உங்கள் மாமியிடம், சொன்னார். "விஞ்ஞானியா வருவான் போல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றாள்.

கோட்டைக்குப் போனபோது குந்துவதற்குத் தோதில்லை. படிகள் ஏறவேண்டும், அத்தா பின்னாலேயே வந்தார். நான் மேலே பார்த்தபடி நின்றுவிட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எனக்குக் கால் வலிக்குதுத்தா."

"அதுக்குள்ளயா? பத்து வயசுப் புள்ள. தம்பியப் பாரு, எப்படி நிக்கிறான்."

"வலிக்குதே."

"சோம்பேறிக் கழுத. ஒக்காரு, ஒக்காரு."

அன்று அக்கா எத்தனை தடவை உட்கார்ந்தாளோ அத்தனை தடவை திட்டு வாங்கினாள். இறங்கும்போது என் காதில், "எனக்கு ஒரு பென்சில் டப்பா கடன்பட்டிருக்கே, ஞாபகம் வச்சுக்க" என்றாள். உங்கள் மாமி அதை இன்னும் வசூலிக்கவில்லை.

பச்சைமலைக்குப் போக நாள் குறித்தபோது அம்மா, "நானும் வர்றேன்" என்றாள்.

அத்தா நம்பவில்லை. எங்கள் தெருப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போவதே அபூர்வம். பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்றே கிண்டல் செய்தாள். "என்னடி, புது மாப்பிள்ள பொண்ணா? மலைக்கெல்லாம் போறீங்களாமே." அம்மா சிரித்தாள். அத்தாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தேவையே இல்லாமல் இன்னொரு தடவை தலை சீவிக்கொண்டார்.

முதல் பஸ்ஸில் பெரம்பலூர், அங்கிருந்து லாடபுரம். ஊர் எல்லை தாண்டிக் காட்டுப்பாதையில் நுழைந்தபோது பனி விலகவில்லை. பருத்திக்காட்டில் வெடித்த பஞ்சு நனைந்து தொங்கியது. சீத்தாமரங்களில் காய் இருந்தது. அத்தா எங்களை வரிசையாக நிறுத்தினார். "ஓட்டப்பந்தயத்துல ஃபர்ஸ்ட்டு வந்த ஆளு முன்னால போகட்டும். அப்புறம் அக்கா, அப்புறம் நான். அம்மா மெதுவா சோத்துப்பையோட வரட்டும். அந்தப் பெரிய பாறை வரைக்கும் யாரும் நிக்கக்கூடாது."

நான் முன்னால் நடந்தேன். ஈரக்காற்று மூக்கில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. குந்தலாம் என்றால் அத்தா பின்னாலிருந்து, "போ போ, சிங்கக்குட்டி" என்கிறார். அக்கா கால் வலி என்றாள்; இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம் வர ஆரம்பித்தது. அதுவரைக்கும் போய்விட்டால் போதும் என்று நினைத்தேன். பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். பொத்தினால் இன்னும் மோசம்.

ஒரு வளைவில் கால் நின்றுவிட்டது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. அத்தா நான் பாம்பைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக் கீழே கம்பைத் தேடினார். அக்காதான் திரும்பி, "அம்மா" என்று மலையே கேட்கக் கத்தினாள்.

அம்மா சோத்துப்பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மாத்திரை. என்னை உட்காரவைத்து, முன்னால் சாய்த்து, ஒரு கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே மறு கையால் மாத்திரையை வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். முதுகைத் தேய்த்தாள். "மெதுவா விடு. வாயக் குவிச்சு விடு. அவசரமில்ல." அவள் கை எந்த இடத்திலும் தடுமாறவில்லை.

அத்தா கம்பைப் பிடித்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா?" என்றார்.

அம்மா நிமிரவில்லை. அக்காதான், "நீங்க போன தடவை போனதுலேர்ந்து" என்றாள்.

மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. அத்தா அம்மாவையும் அக்காவையும் அருவியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றாள். "நான் பாத்துக்கிறேன், போ" என்று அவர் சொன்ன விதத்தில் எழுந்து போனாள். நாங்கள் இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்தோம். வெயில் அப்போதுதான் மரங்களுக்குள் இறங்கியது.

"ஓட்டப்பந்தயம்?" என்றார்.

"நான் ஓடலத்தா. மரத்தடியில ஒக்காந்திருந்தேன்."

"யாரு ஃபர்ஸ்ட்டு வந்தா?"

"கறிக்கடைக்காரர் மவன்."

"அந்தக் குண்டனா?" அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கேட்டார். "வேற என்னெல்லாம் சொல்லல?"

நான் சொன்னேன். வெள்ளாடு ரெண்டு குட்டியோடு செத்துப்போனது. கொல்லைச் சுவர் மழையில் விழுந்தது. அக்கா கணக்கில் ஃபெயில். அத்தாவின் பெரியத்தா, அவருடைய அத்தாவுக்கு அண்ணன், பள்ளிவாசல் படியில் விழுந்து இடுப்பு ஒடிந்து, இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். அம்மா ஒருநாள் கேசட்டைப் பேசி முடித்துவிட்டு அழுதாள். பெரியத்தாவைப் பற்றிச் சொன்னபோது அத்தா இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். அவர் வந்த அன்றே போய்ப் பார்த்திருக்கிறார். மூட்டுவலிதான் என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாம் சொல்லி முடித்ததும் எனக்குப் பயம் வந்தது.

"அத்தா, இப்ப பஸ் கவுந்துடுமா?"

"எந்தப் பஸ்ஸு?"

சொன்னேன். அவர் என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேண்ட்டில் ஊர் சோப்பு வாசனை வந்துவிட்டிருந்தது.

"நான் தெனமும் ஏதாவது ஒரு கவலையோடதான்டா ஓட்டுறேன். சேதி ஒண்ணும் வரலேன்னா, நானா எதையாவது நெனச்சுக்கிட்டு ஓட்டுறேன். பஸ்ஸு அது பாட்டுக்கு ரோட்டுல போவுது."

என்னை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். நானும் அவரும் அருவியைப் பார்க்கவில்லை.

அன்றும் மறுநாளும் அவர் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? கெளம்பி வந்திருப்பீங்களா? ஒங்க கம்பெனிக்காரன் விட்டுருவானா?"

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா கேட்டதற்கு இன்றைக்கு யோசித்தால் என்னிடமும் பதில் இல்லை. கொஞ்சம் கழித்துக் குரலை இறக்கிக் கேட்டார்.

"நீ மலைக்கு வந்தது மாத்திரைக்காகத்தானா?"

"மாத்திரைக்காகவும்தான்," என்றாள் அம்மா. ரசத்தை எடுக்க உள்ளே போய்விட்டாள். அத்தா தட்டைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மிச்ச லீவில் பெரம்பலூர் டாக்டரிடம் என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். நடையையும் விடவில்லை. ஆனால் பிளான் இல்லை, வரிசை இல்லை. என்னை முன்னால் விட்டு நான் நின்ற இடத்தில் நின்றார். சிலநாள் பள்ளிவாசலைத் தாண்ட மாட்டோம். அங்கேயே உட்கார்ந்து வறுத்த கடலையைத் தின்றுவிட்டுத் திரும்புவோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நடைகள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. பிள்ளைகளோடு நடப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்போது கற்றதுதான். நினைத்த தூரத்தில் பாதி போதும். மெதுவாக வருகிறவர் முன்னால் போகட்டும். பசிக்குமுன் பையைப் பிரித்துவிட வேண்டும். போய்ச் சேராவிட்டாலும் அது போனதுதான். இதையெல்லாம் தெரிந்துவைத்தும் காரையில் பெரியவளை என் பின்னால் நடக்கவிட்டேன் பாருங்கள்.

பெரியவளே, வலித்தால் சொல். நான் திரும்புவேன்தான். திரும்பினால் என்ன? எனக்கு ஆசை அருவிமேல் என்றா நினைத்தாய்?

அத்தா கிளம்பிய நாளில் வேன் வாசலில் நின்றது. சலாம் சொல்ல வந்தவர்கள் கூடியிருந்தார்கள். அவர் எல்லோரையும் விட்டுவிட்டு என் முன்னால் குந்தினார்.

"அடுத்த லீவுல அருவிக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ். எவ்வளவு தூரம் ஒன்னால முடியும்னு நீதான் எனக்குச் சொல்லணும். அம்மா சொல்றது வேணாம், அக்கா சொல்றது வேணாம். கூட்டியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத."

வேன் போய்விட்டது. கூட்டம் கலைந்தது. அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு உள்ளே போக மனமில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லையே என்பதே அரித்துக்கொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லாமல் வேன் போன ரோட்டில் நடந்தேன். ஓடவில்லை. நான் எப்போதும் நடக்கிற மாதிரியே நடந்தேன். கடைத்தெரு தாண்டி, கடைசி வீடு தாண்டி, வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு மதகு. அங்கே நெஞ்சுக்குள் முதல் விசில் கேட்டது. நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஊர் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் தெரு மாடியில் காயப்போட்ட துணிகூடத் தெரிந்தது. இன்னும் நாலு எட்டு வைக்கலாம் போலத்தான் இருந்தது. வைக்கவில்லை. கீழே கிடந்த ஓட்டுச்சில்லை எடுத்து மதகுச்சுவரில், நான் நின்ற இடத்துக்கு நேராக, அழுத்தி ஒரு கோடு போட்டேன்.